திட்டுத் திட்டம்

வெண்ணாங்காட்டூர் நகராட்சிக்கு முதல் எருமை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நகர்மன்றக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது. அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு முன்னால் பல்லி வந்திருக்கிறது, ஒரு மழைக்காலத்தில் சாரைப்பாம்பு வந்திருக்கிறது, தேர்தல் சமயத்தில் யார் யாரோ வந்திருக்கிறார்கள். எருமை வந்ததில்லை. குடிநீர்ப் பிரிவு எழுத்தர் கலாமணி எழுந்து, வடக்குத் தெருவில் கட்டி முடித்த தண்ணீர்த் தொட்டிக்கு இன்னும் குழாய் இணைக்கவில்லை, மந்திரி வந்து திறந்து வைத்தாலும் அதில் காற்றுதான் வரும் என்று, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தைச் சொன்னார். நகர்மன்றத் தலைவர் நாச்சிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன்னைய யாரு கேட்டா? எருமை. எருமை மாடு."

கலாமணியின் மேசைக்கும் சுகாதார ஆய்வாளரின் மேசைக்கும் நடுவில் ஒரு எருமை நின்றது. முழங்கால்வரை ஈரச் சேறு, வளைந்த கொம்பு, வாயில் நிதானமான அசை. கவுன்சிலர்கள் எருமையைப் பார்த்தார்கள், பிறகு கதவைப் பார்த்தார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் எழுந்த ஒரே கேள்வி இதை யார் உள்ளே விட்டது என்பதுதான். நாச்சிமுத்து வாசல் காவலர் ரங்கசாமியைக் கூப்பிட்டு, "வாசல்ல நின்னு என்னத்தடா பாக்கறே, நாயே" என்றார். ரங்கசாமியின் காலடியில் செவலை நாய் ஒன்று உட்கார்ந்து வாலை ஆட்டியது. மேலாளருக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. "கழுதையாட்டம் கனைக்காதய்யா" என்று தலைவர் சொன்னதும் ஜன்னலோரம் ஒரு கழுதை வந்து, மேலாளர் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தலைவர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கூட்டம் அடுத்த பொருளான தெருவிளக்குக்குப் போனது.

நாச்சிமுத்துவைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போடுவதிலிருந்து பாடை தூக்குவதுவரை நிற்கிறவர், மாரியம்மன் நோம்பிக்குத் தன் கையால் மோர் ஊற்றுகிறவர், வீட்டுக் காளையை "வா சாமி, என் தங்கம்" என்று கூப்பிட்டுத்தான் தண்ணி காட்டுவார். கலெக்டர் போன் பண்ணினால் எழுந்து நின்று "ஆகட்டுங்க, பண்ணீரலாமுங்க" என்று போனிடம் குனிவார். ஆனால் இளவட்டத்தில் அவர் வேலை பார்த்த பஞ்சாலையில் மேஸ்திரி காலையில் மணியடிப்பதற்குப் பதிலாக வசவால்தான் ஆட்களை எழுப்புவார். வேலை வாங்குவதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நாச்சிமுத்து அங்கே கற்றுக்கொண்டது அவர் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. தனக்கு மேலே இருக்கிறவர்களுக்கு 'ங்க', கீழே இருக்கிறவர்களுக்கு மிருகம். அவருக்கு அது இரண்டு பேச்சு என்றே தெரியாது.

வந்த உயிர்கள் போகவில்லை. திட்டு வாங்கியவர் எங்கே போனாலும் அவர் பின்னாலேயே போயின. கலாமணி டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனால் எருமை பஸ்ஸுக்குப் பின்னால் நடந்து வரும், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து மெதுவாக ஓட்டுவார், பயணிகள் நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டார்கள். ரங்கசாமியின் நாய் அவரோடு காவலுக்கு நின்றது, அவரைவிட நன்றாகவே நின்றது. மேலாளரின் கழுதை மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்டது. நகரமைப்பு ஆய்வாளரைப் பார்த்து "பெரிய வெங்காயம்னு நெனப்பா" என்று தலைவர் கேட்ட நாளில் அவர் மேசைமேல் மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் இறங்கியது. வெங்காயம் தங்கமாக விற்ற சமயம் அது. அலுவலகமே பையோடு வந்து பங்கு போட்டுக்கொண்டது, ஆய்வாளர் மட்டும் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மேசைக்கடியில் வைத்திருந்தார், அது அங்கேயே முளைவிட்டது. பதிவறை எழுத்தரைத் "தண்டச்சோறு" என்றபோது வாழையிலையில் ஆவி பறக்கச் சோறு குவிந்தது. மற்றவர்கள் குழம்பு கொண்டுவந்தார்கள். கணக்குப் பிரிவில் ஒருவரைக் குரங்கு என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அது மின்விசிறியில் தொங்கியது, தேநீர் கொண்டுவரும் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டது, வரி கட்ட வந்தவர்களுக்கு ரப்பர் முத்திரை குத்திவிட்டது, அதுவும் நெற்றியில்.

கலாமணிக்குத்தான் சங்கடம். அவர் எருமையை எருமை என்று கூப்பிடுவதில்லை. "வாங்க, தண்ணி குடிங்க" என்பார். அதன் கண்ணை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தை விழுந்தபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. இப்போது தினமும் காலையில் வாசலில் அந்த முகம் நின்றது.

இதற்குள் ஊரில் வேறு கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது. எருமை நல்ல சாதி எருமை, பால் கெட்டியாக இருந்தது. ஒரு கவுன்சிலரின் மைத்துனர் கையில் கயிறோடு தலைவரின் வீட்டுக்கு வந்து, "மாமா, எம்பேர்லயும் ஒண்ணு சொல்லி வெய்யுங்க" என்றார். நாச்சிமுத்து சங்கோசத்தோடு, "எருமை" என்றார். ஒன்றும் வரவில்லை. "நல்லாத் திட்டுங்க மாமா." "டேய் எருமை, எருமைக்குப் பொறந்த எருமை." மைத்துனர் சிரித்தார், நாச்சிமுத்துவும் சிரித்தார், முற்றத்தில் ஒரு கன்றுகூட நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற தலைவரின் உதவியாளர் சிவசாமி கூர்மையான ஆள்.

"உறைக்கோணுமுங்க" என்றார் சிவசாமி. "வலிச்சாத்தான் வருமாட்ட இருக்குது."

அன்றிலிருந்து திட்டு வாங்க வந்தவர்கள் தங்களுக்கு எங்கே வலிக்கும் என்பதையும் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் விசைத்தறி ஓட்டும் சென்னியப்பன். தறிக்கூலியில் தம்பியைப் படிக்கவைத்ததையும், அந்தத் தம்பி கோயமுத்தூரில் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனைக்கு ஊரையே கூப்பிட்டுத் தன்னைக் கூப்பிடாமல் விட்டதையும் அவர் சிவசாமியின் காதில் சொன்னார், சிவசாமி தலைவரின் காதில் சொன்னார். தலைவர் சென்னியப்பனை ஏற இறங்கப் பார்த்து, "கூடப் பொறந்தவனே வாசப்படி ஏத்தாத எருமைதான நீயி" என்றார். கொம்பு சீவினமாதிரி, மடி தரையைத் தொட, ஒரு கருத்த எருமை வந்து நின்றது. சென்னியப்பன் அதற்குக் கயிறு மாட்டி, "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு, தெருமுனைவரைக்கும் நேராக நடந்துபோய், அங்கே நின்று எருமையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். வலி எவ்வளவு ஆழமோ பால் அவ்வளவு கெட்டி என்று ஊருக்குள் தெரிந்துபோயிற்று. ஆகவே இத்தனை காலம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பொத்தி வைத்திருந்ததையெல்லாம் ஜனங்கள் மெனக்கெட்டுத் தோண்டி எடுத்து, வரிசையில் நின்று, ஒருவர் வலியை இன்னொருவர் வலியோடு ஒப்பிட்டுப் பார்த்து, "உங்களுது கறவைதானுங்க, சந்தேகமே இல்ல" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

கட்சி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? திட்டுத் திட்டம் என்று பேர் வைத்தார்கள். பஸ் நிலையத்திலிருந்து சந்தைப்பேட்டைவரை பிளெக்ஸ் கட்டினார்கள். 'வையும் வாயால் வாழவைக்கும் வள்ளலே' என்றது ஒன்று. 'ஏசியே ஏழ்மை போக்கிய ஏந்தலே' என்றது அடுத்தது, அதில் நாச்சிமுத்து ஒரு எருமையின்மேல் கையை வைத்துத் தொலைவில் எதையோ பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் ஆட்களையும் திட்டவேண்டும், பாரபட்சம் கூடாது என்று மறியல் செய்தார்கள். மறியல் செய்தவர்களை நாச்சிமுத்து வந்து திட்டினார், ஆனால் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு அவர் திட்டு எப்போதும் உறைப்பதில்லை என்பதால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பால் பெருகியது. சொசைட்டியில் கேன் போதாமல் குடத்தில் அளந்தார்கள். குடிசை ஓட்டு வீடானது. ஆனால் வெண்ணாங்காட்டூரில் கறக்கிறவர்கள் யாரும் எருமையின் முகத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கமாகவே வந்து பின்பக்கமாகவே போனார்கள். பிள்ளைகள் எருமையை அப்பன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்த்தது, அப்பனும் திரும்பிப் பார்த்தார். இன்னொன்றும் நடந்தது. தலைவர் வாய்க்கு வருவது தன் வாய்க்கு வராதா என்று எல்லோரும் முயற்சி செய்து பார்க்கத் தொடங்கினார்கள். வங்கி மேலாளர் காசாளரைத் திட்டினார், பள்ளிக்கூடத்தில் திட்டினார்கள், ஓட்டலில் சப்ளையரைத் திட்டிவிட்டு மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்கள். ஒரு கோழிக்குஞ்சும் வரவில்லை. ஆனாலும் சொல்லிப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டுப் பேசிய ஊர் அது, பிச்சை கேட்க வந்தவரிடம்கூட 'இல்லீங்க, போயிட்டு வாங்க' என்று சொன்ன ஊர். அங்கே ஒருவர் 'ங்க' போட்டால் என்னத்துக்கோ அடிபோடுகிறார் என்று ஆயிற்று.

மந்திரிக்கு விஷயம் போகாமல் இருக்குமா? அவருக்கு எருமை வேண்டாம். அவர் ஊர்க் கோயிலுக்கு ஒரு யானை வேண்டும். யானை வாங்க வனத்துறையில் ஆயிரம் விதி, வாயிலிருந்து வருகிற யானைக்கு விதியே இல்லை. தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழா மேடையில், ஜனங்கள் முன்னால், நாச்சிமுத்து ஒரு யானையை வரவழைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வருகிற சட்டமன்றத் தேர்தலில் அவர் பேரை மேலிடத்தில் சொல்லலாம் என்று செய்தி வந்தது.

யானை என்று சொன்னால் யாருக்கு வலிக்கும்? சிவசாமி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து குமரகுருவிடம் நின்றார். குமரகுரு நகராட்சியில் மோட்டார் இயக்குகிறவர், பல வருஷமாகத் தினக்கூலி. ஊரிலேயே பெரிய உடம்பு, ஊரிலேயே சின்னக் குரல். யார் முன்னாலும் சாப்பிடமாட்டார், மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் டப்பாவைத் திறப்பார். ஏதோ இருக்கிறது என்று சிவசாமிக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. கலாமணிக்குத் தெரியும் என்று மட்டும் தெரிந்தது.

"நீங்க அவனுக்கு அக்காவாட்ட" என்றார் சிவசாமி, கலாமணியின் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு. "ஒரு வார்த்த சொல்லுங்க போதும். உங்களுக்குக் கண்காணிப்பாளர் பதவி தலைவர் பாத்துக்குவாரு."

"எனக்குத் தெரியுமுங்க. ஆனாச் சொல்ல முடியாதுங்க."

"ஏனுங்க?"

"அவரு எங்கிட்டச் சொன்னதுங்க அது. எனக்குச் சொந்தமில்லீங்க."

"அப்பறம் மாத்தல் வந்துதுன்னா எங்களக் குத்தஞ் சொல்லப்படாது. ராமநாதபுரம் பக்கமெல்லாம் காலியா இருக்குது."

"வரட்டுங்க" என்றார் கலாமணி. "அங்கியும் புல்லு மொளைக்குமில்லீங்க? இவங்களும் எங்கூட வரோணுமே, அதுதான் யோசன" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற எருமையைக் காட்டினார்.

ஆனால் வேலையை நிரந்தரமாக்கித் தருகிறோம் என்று நேராகக் கேட்டபோது குமரகுருவே சொல்லிவிட்டார். சொன்னதைக் கேள்விப்பட்டு கலாமணி மோட்டார் அறைக்கு நடந்தார், பின்னால் எருமை. கதவு சாத்தியிருந்தது. தட்டினார். உள்ளே டப்பா மூடும் சத்தம் கேட்ட பிறகு கதவு திறந்தது.

"எதுக்குங்க சொன்னீங்க?"

குமரகுரு கையைத் துடைத்தார். "ஒரு நிமிசந்தானுங்க்கா. பொண்ணு பாக்கப் போன ஊட்டுல சேர் ஒடஞ்சு உளுந்தப்ப ஆனைன்னு சொல்லி எல்லாருஞ் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணுஞ் சிரிச்சுது. அதையே தாங்கியாச்சு. இத இன்னொருக்காக் கேட்டுட்டா வேல நிக்குமுங்க. அம்மாவுக்கு மாசமானா மாத்திர வாங்கோணும்."

"கேக்கறது ஒரு நிமிசந்தான். அதுக்கப்பறம் அந்த ஆனை உங்க பின்னால வருமே, தம்பி. அது கோயலுக்குப் போகாது. கடைக்குப் போனா வரும், தூங்கினா வாசல்ல நிக்கும். எனக்கு இது ஒண்ணே" என்று கலாமணி நிறுத்தி, எருமைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார், "இது ஒண்ணே பெரும்பாடா இருக்குதுங்க."

குமரகுரு யானையை அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. யோசித்தார். "சொல்லியாச்சுங்களே" என்றார்.

விழா நாளன்று தொட்டிக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். தொட்டிக்குக் குழாய் இல்லாததால் மேடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரியை நிறுத்தி, தழையால் மூடி, அதிலிருந்து குழாய் இழுத்து முன்னால் வைத்தார்கள். மந்திரி திருகினார், தண்ணீர் வந்தது, கை தட்டினார்கள். மந்திரியின் ஊரிலிருந்து கோயில் பாகன் ஒருவரும் வந்திருந்தார். சங்கிலி, அங்குசம், ஒரு கட்டுக் கரும்பு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, யானை எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று தெரியாததால் மேடையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். மேடை தாங்குமா என்று பொறியாளர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, தாங்காது என்பதைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

குமரகுருவை மேடையில் நடுவில் நிறுத்தினார்கள். புதுச் சட்டை, பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து மைக்கைப் பிடித்தார். சொல்லவேண்டியது என்ன என்று சிவசாமி காதில் போட்டிருந்தார், நாற்காலி, பெண் வீடு, யானை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறமாதிரி நாச்சிமுத்து மனதில் கோத்து வைத்திருந்தார். வாயைத் திறந்துகொண்டே, கை தட்டுவார்களா என்று பார்க்க, ஒரு தடவை கூட்டத்தைப் பார்த்தார்.

அதுவரைக்கும் அவர் ஒவ்வொருவராகத்தான் பார்த்திருக்கிறார். இப்போது எல்லோரும் ஒன்றாக நின்றார்கள், தங்கள் தங்கள் எருமையோடும் நாயோடும் கழுதையோடும், மைதானம் கொள்ளாமல் வடக்குத் தெரு முழுக்க. மனிதர்கள் தலை குனிந்திருந்தார்கள். மிருகங்கள் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தன. சென்னியப்பனின் எருமை பார்த்தது, ரங்கசாமியின் நாய் பார்த்தது, முன்வரிசையில் கலாமணியின் எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அந்த முகங்களை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எந்த நாள், எந்த வார்த்தை என்பதுகூடத் தெரியும். அவர் வாய் திறந்தபடியே இருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"சொல்லுய்யா" என்றார் பின்னாலிருந்து மந்திரி.

நாச்சிமுத்து குமரகுருவைப் பார்த்தார். குமரகுரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஊசி போட்டுக்கொள்ளக் கை நீட்டியவர்மாதிரி.

மந்திரிக்கு அடுத்த ஊரிலும் விழா இருந்தது. அவர் எழுந்து வந்து, மைக் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அதைப் பற்றிக் கவலைப்படாமல், "வாயப் பொளந்துகிட்டு நிக்கிறான் பாரு, எச்சிக்கலை நாய். உன்னைய எல்லாம் தூக்கி வச்சம் பாரு" என்றார். ஒலிபெருக்கி அதை வடக்குத் தெரு, சந்தைப்பேட்டை, பஸ் நிலையம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஊரே நாச்சிமுத்துவின் காலடியைப் பார்த்தது. பழக்கம் அப்படி. பாகன்கூடப் பார்த்தார். நாச்சிமுத்துவும் குனிந்து பார்த்தார். ஒரு நாயும் இல்லை. வாலில்லாத குட்டிகூட இல்லை. அவருடைய வெள்ளைச் செருப்பு இரண்டும்தான் இருந்தன. வலித்தது, நன்றாகவே வலித்தது, பஞ்சாலை வாசலில் முதல் நாள் வலித்த அதே இடத்தில் வலித்தது, ஆனால் கயிறு மாட்டிக் கூட்டிக்கொண்டு போக அவருக்கு ஒன்றும் வரவில்லை. மந்திரியின் வாய் வெறும் வாய்தான். வெறும் வாயிடம் திட்டு வாங்கினால் திட்டு மட்டும்தான் கிடைக்கும் என்பதை அந்த ஊரில் எல்லோரும் எப்போதோ அனுபவித்திருந்தார்கள். நாச்சிமுத்து மட்டும் மறந்திருந்தார்.

குமரகுரு கண்ணைத் திறந்தார். என்ன நடந்தது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் மேசைமேல் மந்திரிக்கென்று வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினார்.

"பரவால்லீங்க தலைவரே. தண்ணி குடிங்க."

நாச்சிமுத்து குடித்தார். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார். குமரகுருவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்பதற்கு அவரிடம் வார்த்தை இல்லை, யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. வாய் ஒரு வார்த்தையைத் தேடித் தேடி, கடைசியில், அவர் அம்மா வாசலுக்கு வருகிற யாரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைக் கண்டுபிடித்தது.

"ஏனுங்க குமரகுரு" என்றார், மைக்கிலேயே. "சாப்பிட்டீங்களா?"

குமரகுரு அந்தக் கேள்வியை இரண்டு தடவை மனதில் திருப்பிப் பார்த்தார், அதற்குள் யானை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை.

"இன்னுமில்லீங்க" என்றார்.

"நானுமில்லீங்க. வாங்க."

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு நாச்சிமுத்து மேடையைவிட்டு இறங்கினார், குமரகுருவும் பக்கவாட்டுப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினார். மேடைக்குப் பின்னால், தழை மூடிய லாரியைத் தாண்டி, விழாவுக்கு வந்தவர்களுக்கென்று பெரிய பாத்திரங்களில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அதில் உடைய ஒன்றுமில்லை. குமரகுரு இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கலாமணி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து சோறு போட்டார், பருப்பு ஊற்றினார், நெய் விட்டார். சற்றுத் தள்ளி எருமை படுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது. குமரகுரு முதல் கவளத்தை எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, வாயில் வைத்தார். பிறகு வேகமாகச் சாப்பிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் வாங்கிக்கறீங்களா?" என்றார் கலாமணி.

"போடுங்க்கா."

நாச்சிமுத்து எழுந்து, கலாமணியிடமிருந்து கரண்டியைக் கேட்டு வாங்கித் தானே பரிமாறினார். பழக்கமில்லாத கை, ரசம் குமரகுருவின் புதுச் சட்டையில் சிந்தியது. "அடடா, மன்னிச்சுக்கங்க" என்றார், ரசத்துக்கு. சொன்ன பிறகு, அந்த வார்த்தை வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்ததால், திரும்பி நின்று கலாமணியிடமும் சொன்னார், மெதுவாக. கலாமணி "சரிங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

மந்திரியின் வண்டிகள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுப் போயின. நாச்சிமுத்துவின் பேர் மேலிடத்தில் சொல்லப்படவில்லை. சிவசாமி முதல் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு போய்விட்டார். ஜனங்கள் காலி மேடையைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள், யானை தாமதமாக வரலாம் என்று. ரசத்தின் வாசனை முன்பக்கம் வந்ததும் ஒருவர் வந்தார், பிறகு இருவர், பிறகு சென்னியப்பன், பிறகு தெருவே வந்து வரிசையாக உட்கார்ந்தது. பந்தியில் நெடுங்காலம் கேட்காத சத்தம் எழுந்தது. "போடுங்க." "போதுங்க." "அட, வாங்கிக்கங்க, வளர்ற புள்ளைங்க." "எனக்கில்லீங்க, அவருக்குப் போடுங்க." மிருகங்கள் வெளியே கலந்து நின்று, எது யாருடையது என்று தெரியாதபடி, பாகன் கொண்டுவந்த கரும்பைத் தின்றன.

பாகன் மட்டும் மேடையோரம் நின்றுகொண்டிருந்தார். பந்தி மூன்றாவது தடவை மாறிய பிறகு அவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, பரிமாறிக்கொண்டிருந்த கலாமணியிடம் கேட்டார்.

"அப்ப ஆனை வராதுங்களா?"

"வராதுங்க" என்றார் கலாமணி. "நீங்க உக்காருங்க."

பாகன் சங்கிலியைத் தரையில் வைத்தார். குமரகுரு நகர்ந்து இடம் கொடுத்தார்.